பயிற்சி முடிந்தது என்று யார் சொல்வது?

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் பினாங்கில் நான் தவறாமல் கூட்டிப்போகும் இடம் ஆர்மீனியன் தெரு 120-ஆம் எண் வீடு. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலிருந்து நடந்தே போய்விடலாம். வாசல் குறுகல். உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும் பழைய கடைவீடு, நடுவில் வானம் பார்த்த முற்றம். 1910-ல் சீனப் புரட்சித் தலைவர் சன் யாட் செனின் ஆட்களுக்குத் தென்கிழக்காசியத் தலைமையிடமாக இருந்தது இந்த வீடுதான். அந்த நவம்பரில் பினாங்கில் கூடிப் பேசி, மறு ஆண்டு தென் சீனாவின் குவாங்சோ நகரில் நடத்தப்போகும் எழுச்சிக்குத் திட்டம் போட்டு, அதற்குப் பணமும் திரட்டினார்கள். அண்மையில் என்னோடு வந்தவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, வெளியே கோப்பி குடிக்கும்போது சொன்னார்: "மனுஷன் ஒண்ணு மட்டும் சரியாச் சொன்னாரு தம்பி. சனங்களை முதல்ல பழக்கணும். அப்புறம்தான் ஆட்சியைக் கையில கொடுக்கணும்."

நான் அப்போது பதில் பேசவில்லை. ஆனால் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவும் இல்லை. அவர் சொன்னதில் தகவல் பிழை ஏதும் கிடையாது. சன் யாட் சென் அப்படித்தான் சொன்னார். சீன மக்கள் கையில் குடியரசை எடுத்த எடுப்பில் கொடுத்துவிட முடியாது, நடுவில் ஒரு பயிற்சிக் காலம் வேண்டும் என்பது அவருடைய அரசியல் சிந்தனையின் நடுத்தூண். என்னைக் குடைந்தது வேறு. நாங்கள் பார்த்துவிட்டு வந்த அந்த வீட்டின் கதையே இதற்கு நேர் எதிரான சாட்சி. அங்கே பணம் கொடுத்தவர்களில் பெருவணிகர் மட்டும் இல்லை. சிறு கடைக்காரர்களும் கூலி வேலை செய்தவர்களும் இருந்தார்கள். 1911 ஏப்ரல் 27 அன்று குவாங்சோவில் இறந்து, ஹுவாங்ஹுவாகாங் மேட்டில் 72 பேராகப் புதைக்கப்பட்டவர்களில் மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போனவர்கள் உண்டு. காசு கேட்கும்போதும் உயிரைக் கேட்கும்போதும் யாரும் அவர்களிடம் தகுதிச் சான்றிதழ் கேட்கவில்லை. வாக்குச்சீட்டு என்று வரும்போது மட்டும் எங்கிருந்து வந்தது இந்தத் தகுதிக் கேள்வி?

அவருடைய மூன்று கொள்கைகளை இங்கே விரிவாகச் சொல்லப்போவதில்லை. தேசியம், மக்களாட்சி, மக்கள் வாழ்வு என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. மக்கள் வாழ்வுக் கொள்கையில் நிலவரி பற்றி அவர் சொன்னதை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். நிலத்தின் விலையை உரிமையாளரே சொல்லட்டும் என்றார். விலையைக் கூட்டிச் சொன்னால் வரி ஏறும். குறைத்துச் சொன்னால் அரசு அதே விலைக்கு அந்த நிலத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆக, உண்மையான விலையைச் சொல்வதுதான் உரிமையாளருக்கு லாபம். ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கரின் நிலவரிக் கருத்தைப் படித்து, அதைச் சீனாவுக்கு ஏற்றபடி யோசித்ததில் வந்தது இது. மனிதர்கள் நல்லவர்களாக மாறும்வரை காத்திராமல், இருக்கிற மனிதர்களை வைத்தே நியாயம் நடக்க வழி பார்க்கும் ஏற்பாடு. இப்படி யோசிக்கத் தெரிந்தவர் வாக்குரிமை விஷயத்தில் மட்டும் வேறு பாதைக்கு எப்படிப் போனார் என்பதுதான் என் கேள்வி.

ஒன்பது ஆண்டுக் கணக்கு

பயிற்சிக் காலம் என்பது தொடக்கத்தில் இவ்வளவு நீளமான யோசனையாக இல்லை. 1905 ஆகஸ்டில் டோக்கியோவில் டோங்மெங்ஹுய் என்ற புரட்சிக் கூட்டமைப்பு உருவானது. மறு ஆண்டே அதன் புரட்சித் திட்டம் எழுதப்பட்டது. அதில் மூன்று கட்டங்கள். சீனாவை அப்போது ஆண்ட மஞ்சு அரசிடமிருந்து ஒரு மாவட்டம் விடுபட்டதும் ராணுவ ஆட்சி. அது எந்த மாவட்டத்திலும் மூன்றாண்டுக்கு மேல் நீடிக்கக் கூடாது. பிறகு தற்காலிகச் சட்டத்தின் கீழ் ஆறாண்டு. அந்தக் காலத்தில் உள்ளூர் மன்றத்தையும் உள்ளூர் அதிகாரிகளையும் மக்களே தேர்ந்தெடுப்பார்கள். ராணுவ அரசுக்கு மக்களிடம் என்ன கடமை, மக்களுக்கு அரசிடம் என்ன கடமை என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். அது முடிந்ததும் முழு அரசியலமைப்பு ஆட்சி. கூட்டிப் பார்த்தால் ஒன்பது ஆண்டு.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது அந்த எண்தான். புரட்சி செய்த ராணுவத் தளபதி நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான் என்ற பயம் அதில் தெரிகிறது. நாள் குறித்துவிட்டால், அந்த நாள் வந்ததும் "நேரம் ஆயிற்று, இறங்கு" என்று சொல்ல மக்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். 1906-ல் அவர் முதலில் சந்தேகப்பட்டது ஆளப்போகிறவர்களைத்தான் என்று நான் வாசிக்கிறேன்.

1911 அக்டோபர் 10 அன்று வூச்சாங்கில் புரட்சி வெடித்தபோது அவர் அமெரிக்காவின் டென்வரில் இருந்தார். செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். 1912 ஜனவரி 1 அன்று நான்ஜிங்கில் தற்காலிகக் குடியரசுத் தலைவரானார். சில வாரங்களிலேயே, ராணுவத்தைக் கையில் வைத்திருந்த யுவான் ஷிகாய்க்குப் பதவியை விட்டுக்கொடுத்தார். மூன்று கட்டம், ஒன்பது ஆண்டு எல்லாம் ஓரமாகப் போய்விட்டது. நாடு நேராகத் தேர்தலுக்குப் போனது.

தேர்தல் நடந்தது

1912 கடைசியிலும் 1913 தொடக்கத்திலும் நடந்த அந்தத் தேர்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. 21 வயதான ஆண்களுக்கு மட்டும் வாக்கு. அதிலும் ஆண்டுக்கு இரண்டு யுவான் (சீன நாணயம்) நேர்வரி கட்டியிருக்க வேண்டும், அல்லது 500 யுவான் சொத்து வேண்டும், அல்லது தொடக்கப்பள்ளியாவது முடித்திருக்க வேண்டும். பெண்களுக்குக் கிடையாது. 1912 ஆகஸ்டில் பெய்ஜிங்கில் குவோமின்டாங் கட்சி தொடங்கிய கூட்டத்தில், ஆண் பெண் சமத்துவம் என்ற வாசகத்தைக் கொள்கை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கொதித்துப்போன டாங் சுன்யிங், மேடைக்கே போய் சொங் ஜியாவ்ரென் கன்னத்தில் அறைந்தார். புரட்சியில் பங்கெடுத்த பெண் அவர். அந்தக் கோபம் நியாயமானது. எத்தனை குறை இருந்தாலும், மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 4 கோடிப் பேர், வாக்காளராகப் பதிவானார்கள். பேரரசர்களை மட்டுமே பார்த்திருந்த நாட்டுக்கு இது சிறிய விஷயம் இல்லை.

அறை வாங்கிய சொங் ஜியாவ்ரென் ஹூனான் மாகாணத்துக்காரர். சட்டம் படித்தவர், முப்பது வயது. டோங்மெங்ஹுய்யையும் சில சிறு கட்சிகளையும் சேர்த்துக் குவோமின்டாங்கைக் கட்டியதில் பெரும்பங்கு அவருடையது. குடியரசுத் தலைவர் பெயருக்கு இருக்கட்டும், நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சரவை ஆளட்டும் என்பது அவர் வாதம். சன் யாட் சென் அப்போது ரயில்பாதைத் திட்டங்களில் மூழ்கியிருந்தார். சொங் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கட்சி இரு அவைகளிலும் முதலிடத்துக்கு வந்தது.

1913 மார்ச் 20 இரவு, பெய்ஜிங் ரயிலைப் பிடிக்க ஷாங்காய் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது சொங் சுடப்பட்டார். மருத்துவமனையில் படுத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல ஒரு தந்தி எழுதப்பட்டது. யாருக்கு? யுவான் ஷிகாய்க்கு. மக்கள் உரிமையைக் காப்பாற்றுங்கள், நாடாளுமன்றம் உறுதியான ஓர் அரசியலமைப்பை எழுத வழிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 22-ஆம் தேதி இறந்துபோனார். விசாரணையில் சிக்கிய தந்திகள் அரசுச் செயலாளர் ஒருவர் வழியாகப் பிரதமர் அலுவலகம் வரை சந்தேகத்தைக் கொண்டுபோயின. ஏப்ரலில் ஐந்து நாட்டு வங்கிகளிடம் இரண்டரைக் கோடி பவுண்டுக் கடனுக்கு யுவான் ஒப்பந்தம் போட்டார். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வாங்கவில்லை. ஜூலையில் தெற்கு மாகாணங்கள் அவருக்கு எதிராகக் கிளம்பின. இரண்டே மாதத்தில் நசுக்கப்பட்டன. நவம்பரில் குவோமின்டாங் தடைசெய்யப்பட்டது, 1914 ஜனவரியில் நாடாளுமன்றமே கலைக்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். இந்தப் பத்து மாதக் கதையில் மக்கள் எங்கே தவறினார்கள்? வாக்களிக்கச் சொன்னார்கள், வாக்களித்தார்கள். ஒரு கட்சியை மேலே கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம் நடந்தது எல்லாம் துப்பாக்கியும் வெளிநாட்டுக் கடனும் ராணுவமும். விலைபோன உறுப்பினர்கள் இருந்தார்கள், உண்மை. ஆனால் விலை கொடுத்தது மேலிருந்து. சன் யாட் சென் மருத்துவம் படித்தவர், ஹாங்காங்கில் பட்டம் வாங்கியவர். இருந்தும் தலையில் அடிபட்டவனுக்குக் காலில் கட்டுப் போட்டதுபோல, 1913-ன் தோல்விக்கு மருந்தை மக்களிடம் தேடினார்.

டோக்கியோ, 1914

தோற்றுப்போய் மறுபடியும் ஜப்பானில். 1914 ஜூலையில் டோக்கியோவில் 'சீனப் புரட்சிக் கட்சி' என்ற புதுக் கட்சி தொடங்கினார். சேர வருகிறவர் ஓர் உறுதிமொழி எழுதிக்கொடுக்க வேண்டும். கொள்கைக்கு மட்டும் அல்ல, சன் யாட் சென் என்ற தனிமனிதருக்குக் கீழ்ப்படிகிறேன் என்று எழுத வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதாது, கைரேகையும் வைக்க வேண்டும். உறுப்பினர்களிலும் மூன்று வகுப்பு. புரட்சிப் படை கிளம்புமுன் சேர்ந்தவர்கள், கிளம்பியபின் சேர்ந்தவர்கள், புதிய அரசு அமைந்தபின் சேர்ந்தவர்கள். முதல் வகுப்புக்கு முழு அரசியல் உரிமை, மற்றவர்களுக்குப் படிப்படியாகக் குறைவு. கட்சியில் சேராத பொதுமக்களுக்கு? அரசியலமைப்பு வரும்வரை குடியுரிமையே கிடையாது.

தோழர்கள் தன் பேச்சைக் கேட்காததால்தான் எல்லாம் போயிற்று என்பது அவருடைய கணக்கு. சொங் கொல்லப்பட்டதும் உடனே படை திரட்ட வேண்டும் என்று அவர் சொன்னார், மற்றவர்கள் சட்டப்படி பார்க்கலாம் என்று தயங்கினார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. நண்பனைப் பறிகொடுத்து, நாட்டையும் பறிகொடுத்து, கடல் தாண்டி வாடகை வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு யார்மேலும் நம்பிக்கை வராதுதான். ஆனாலும் ஹுவாங் சிங் என்ன செய்தார் என்று பாருங்கள். டோங்மெங்ஹுய் தொடங்கிய நாளிலிருந்து சன் யாட் செனுக்கு வலதுகையாக இருந்தவர். 1911 ஏப்ரலில் குவாங்சோவில் ஆளுநர் மாளிகையைத் தாக்கிய அணிக்கு முன்னால் போனவர். அன்றைய சண்டையில் வலதுகை விரல்கள் இரண்டு போயின. எட்டு விரல் தளபதி என்றே பெயர். அந்த மனிதரிடம் கைரேகை கேட்டார்கள். அது அவமானம், ஒருவருக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்வது நாம் போராடிய சமத்துவத்துக்கே விரோதம் என்று மறுத்தார். சண்டை போடவில்லை, எதிர்க்கட்சி தொடங்கவில்லை. அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். 1916-ல் ஷாங்காயில் அவர் இறந்தபோது வயது 42.

1906-ன் திட்டத்தில் நாள் குறித்திருந்தது ஆள்பவருக்கு. 1914-ல் தகுதி குறித்தது மக்களுக்கு. இடையே எட்டே ஆண்டு. சன் யாட் செனின் அரசியல் திரும்பிய முனை இதுதான் என்று நினைக்கிறேன். பின்னால் ரஷ்யாவோடு கைகோத்ததையும் கட்சியை லெனின் பாணியில் மாற்றியமைத்ததையும்தான் பலர் பெரிய திருப்பமாகச் சொல்வார்கள். அதற்கான நிலம் டோக்கியோவிலேயே உழுதாகிவிட்டது.

கூட்டம் நடத்தும் கையேடும் கைக்குழந்தையும்

ஆனால் அவரை அப்படியே எதேச்சாதிகாரி என்று ஒதுக்கிவிட முடியவில்லை. காரணம், 1917-ல் அவர் எழுதிய ஒரு புத்தகம். கூட்டம் நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் கையேடு. தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது, தீர்மானத்தை யார் முன்மொழிவது, திருத்தம் வந்தால் எதை முதலில் வாக்குக்கு விடுவது, எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும் என்று ஒவ்வொன்றாகப் போகிறது. அமெரிக்காவில் புழங்கிய கூட்ட நடைமுறை நூல்களைப் பார்த்து எழுதினார். ஒரு நாட்டின் முன்னாள் குடியரசுத் தலைவர், சுற்றிலும் படைத்தலைவர்கள் ஆளுக்கொரு மாகாணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ஊர்ச் சங்கத்தில் வாக்கு எண்ணுவது எப்படி என்று எழுதிக்கொண்டிருக்கிறார். சீன மக்கள் தட்டில் கொட்டிய மணல்போல் ஒட்டாமல் கிடக்கிறார்கள் என்பது அவர் அடிக்கடி சொன்ன குறை. சேர்ந்து உட்கார்ந்து பேசப் பழகினால் அந்த மணல் இறுகும் என்று நம்பினார். உள்ளூரில் ஒரு கூட்டத்தையாவது பொறுப்பேற்று நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்தப் புத்தகத்தின் அருமை தெரியும்.

இதற்குக் கொஞ்சம் பின்னால் வந்த நூலில் தொனி வேறு. குடியரசின் மக்கள் இப்போது பிறந்த குழந்தை, புரட்சிக் கட்சி அதைப் பெற்ற தாய், பெற்றால் போதாது, பாலூட்டி வளர்த்துப் படிக்கவைக்க வேண்டும் என்கிறார். பழங்காலத்து இளம் அரசன் ஒருவனுக்கு ஆளக் கற்றுக்கொடுத்த அமைச்சர் யீ யின் கதையை எடுத்துக்காட்டுகிறார். அதே நூலில்தான் அறிவதே கடினம், செய்வது எளிது என்ற அவருடைய புகழ்பெற்ற வாதமும் வருகிறது. முதலில் அறிகிறவர்கள் சிலர், அவர்களைப் பார்த்து அறிகிறவர்கள் சிலர், அறியாமலே செய்கிறவர்கள் மற்ற எல்லாரும் என்று மனிதர்களையும் மூன்றாகப் பிரிக்கிறார். கையேட்டில் குடிமகன் கையைத் தூக்கி ஆட்சேபிக்கிறான். இங்கே அவன் தொட்டிலில் கிடக்கிறான்.

1924-ல் குவாங்சோவில் பேசிய உரைகளில் ஒரு கார்க் கதை வரும். ஷாங்காயில் ஓர் இடத்துக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. வாடகைக் கார் பிடித்தார். ஓட்டுநர் நேர்ப்பாதையை விட்டுச் சுற்றிப் போகிறான், இவருக்கோ எரிச்சல். ஆனால் சரியான நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டான். நேர்ப்பாதையில் நெரிசல் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மக்கள் காரின் முதலாளி, அரசாங்கம் ஓட்டுநர், ஓட்டத் தெரிந்தவனை நம்பி விட வேண்டும் என்கிறார். சரி, அந்தக் காரிலிருந்து அவர் நினைத்தால் இறங்கியிருக்கலாம், அடுத்த முறை வேறு வண்டி பிடித்திருக்கலாம். அந்த வசதியை மக்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைக்காமல் இல்லை. தேர்ந்தெடுக்க, திரும்ப அழைக்க, சட்டம் கொண்டுவர, சட்டத்தை வாக்குக்கு விட என்று நான்கு உரிமைகளைச் சொன்னார். ஆனால் அவை எப்போது கைக்கு வரும்?

அதே ஆண்டு ஏப்ரலில் 25 பிரிவுகளில் தேசக் கட்டுமானத் திட்டம் ஒன்றை வெளியிட்டார். ஒரு மாவட்டத்தில் மக்கள்தொகை எண்ணி, நிலம் அளந்து, காவல் ஏற்படுத்தி, சாலை போட்டு, மக்களுக்கு நான்கு உரிமைகளில் பயிற்சி கொடுத்து, அவர்கள் புரட்சிக் கொள்கையை ஏற்று உறுதிமொழி எடுத்தபின், அந்த மாவட்டம் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். ஒரு மாகாணத்தின் எல்லா மாவட்டங்களும் தேறினால் அந்த மாகாணத்தில் அரசியலமைப்பு ஆட்சி. பாதிக்கு மேற்பட்ட மாகாணங்கள் தேறினால் நாட்டுக்கே. அடிமட்டத்திலிருந்து கட்டிக்கொண்டு வரும் நல்ல திட்டம். ஆனால் 1906-ல் இருந்த ஆண்டுக் கணக்கு இதில் இல்லை. மாவட்டம் தேறியதா இல்லையா என்று யார் பார்ப்பது? பயிற்சி கொடுக்கிறவர்களேதான்.

அவர் பக்கத்தில் ஒரு வலுவான வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1923 அக்டோபரில் சாவ் குன் என்ற படைத்தலைவர், ஒரு வாக்குக்குச் சுமார் 5,000 வெள்ளி என்று நாடாளுமன்ற உறுப்பினர்களை விலைக்கு வாங்கிக் குடியரசுத் தலைவரானார். இதைப் பார்த்த எவருக்கும் வாக்குமேல் வெறுப்பு வரும். ஆனால் அந்த உறுப்பினர்கள் யார்? பெரும்பாலும் 1913-ல் தேர்வானவர்கள். நாடாளுமன்றத்தைக் கலைப்பதும் கூட்டுவதுமாக இருந்ததில், பத்தாண்டாக மக்கள்முன் போய் நிற்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவேயில்லை. அதிகமாகத் தேர்தல் நடந்ததால் கெட்டுப்போன மன்றம் இல்லை அது.

யாருக்குப் பயிற்சி?

1925 மார்ச் 12 அன்று பெய்ஜிங்கில் அவர் இறந்தார். அவருக்குப் பின் தலைமைக்கு வந்த சியாங் கை ஷேக்கின் படை நாட்டை ஓரளவு ஒன்றாக்கியபின், 1928-ல் பயிற்சிக் காலம் தொடங்கியதாக, மறுபடியும் குவோமின்டாங் என்ற பெயருக்குத் திரும்பியிருந்த அவர் கட்சி அறிவித்தது; ஆறாண்டில், 1935-க்குள் முடியும் என்று மறு ஆண்டு சொன்னது. அப்போது ஹூ ஷி என்ற அறிஞர் எழுதிய கட்டுரைகளை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். நீந்தக் கற்பவன் முதலில் தண்ணீரில் இறங்க வேண்டும், அரசியலமைப்பு ஆட்சிக்கு நல்ல பயிற்சி அரசியலமைப்பு ஆட்சிதான் என்று எழுதினார். அதைவிட முக்கியமாக, மக்களுக்கு மட்டும் அல்ல, அரசாங்கத்துக்கும் கட்சிக்காரர்களுக்கும் பயிற்சி வேண்டும், சட்டத்துக்குள் நின்று ஆளும் பயிற்சி வேண்டும் என்றார். கல்வி அமைச்சகம் அவருக்குக் கண்டனக் கடிதம் அனுப்பியது. சன் யாட் செனின் சிந்தனைக்கு அவர் காலத்தவர் கொடுத்த பதில்களில் இதைவிட நேர்மையானது எனக்குத் தெரிந்து இல்லை.

1935 வந்தது, போனது. ஜப்பானோடு போர். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1947 டிசம்பர் 25 அன்று. அதற்குள் உள்நாட்டுப் போர் நாட்டைப் பிளந்துகொண்டிருந்தது. பின்னர் குவோமின்டாங் அரசு ஒதுங்கிய தைவானில் 1949 மே 20 முதல் ராணுவச் சட்டம். அது 38 ஆண்டு நீடித்தது.

அந்த 38 ஆண்டிலும் ஒரு விஷயம் நடந்துகொண்டே இருந்தது. சன் யாட் செனின் மாவட்டத் தன்னாட்சிக் கொள்கையின் பெயரில் 1950-லிருந்து தைவானில் உள்ளூர்த் தேர்தல்கள் நடந்தன. மேலே ஒரே கட்சி, எதிர்க்கட்சி தொடங்கத் தடை. ஆனால் மாவட்டத் தலைவருக்கும் நகரத் தலைவருக்கும் மக்கள் வாக்களித்தார்கள். கட்சி சாராதவர்களும் அவ்வப்போது வென்றார்கள். 1977 நவம்பர் 19 அன்று தாவ்யுவான் மாவட்டத் தலைவர் தேர்தலில், கட்சியிலிருந்து நீக்கப்பட்ட சூ சின்லியாங் தனியாக நின்றார். சொங்லி நகரில் ஒரு பள்ளிக்கூட வாக்குச்சாவடி. வயதான தம்பதியின் வாக்குச்சீட்டில் சாவடி அதிகாரி மைபட்ட விரலைத் தேய்த்துச் செல்லாததாக்கினார் என்று ஒரு புகார். அந்த அதிகாரியைப் போலீஸ் பாதுகாப்பாகக் கூட்டிப்போனதும் ஆயிரக்கணக்கானவர்கள் காவல்நிலையத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். இரவில் காவல்நிலையம் எரிந்தது. இளைஞர்கள் இருவர் உயிரிழந்தார்கள். தேர்தலில் சூ சின்லியாங் பெரும் வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. 1986 செப்டம்பரில், தடை இருக்கும்போதே, தைபேயில் கூடி எதிர்க்கட்சி ஒன்றைத் தொடங்கினார்கள். ராணுவச் சட்டத்தை அரசு விலக்கிக்கொண்டது அதற்கப்புறம்தான், 1987 ஜூலையில்.